பூந்தமல்லிக்கு நான் கொண்டுபோன இடது கை

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. களப்பணி, பயனாளர் ஆய்வு என்று கௌரவமாகவும் எழுதலாம். ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி ரயிலில் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு தூங்காமல் வந்தவனுக்கு உண்மை தெரியும். என்னோடு கல்லூரியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்த யுவராஜ் ஒரு செயற்கைக் கை செய்திருந்தான். அதன் வீடியோவை என் அம்மாவே எனக்கு அனுப்பினாள். "உன் ஃபிரண்டு எவ்ளோ நல்ல காரியம் பண்றான் பாரு" என்று கீழே ஒரு வரி. நான் மூன்று வருஷமாக அதே காரியத்தைத்தான் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அவள் வீட்டு மாடியிலேயே.

ஆகவே போன மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினேன். குறைந்த விலையில் செயற்கைக் கை செய்ய முயல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பது எனக்குத் தெரியும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்களுக்கு இது உதவும். என் புலம்பல் வேண்டாம் என்பவர்கள் கடைசிக்குப் போய்விடலாம்.

முதலில் இரண்டு கைகளைப் பற்றி. யுவராஜின் கையில் மோட்டார் கிடையாது. தோளைச் சுற்றி ஒரு வார், அதிலிருந்து விரல்களுக்குத் தூண்டில் நரம்பு. தோளை முன்னால் தள்ளினால் விரல்கள் மூடும், விட்டால் திறக்கும். பொருட்செலவு நாலாயிரத்துச் சொச்சம். என் கையில் ஐந்து மோட்டார். முன்கைத் தசை துடிப்பதைப் படித்து அதற்கேற்ப விரல் அசையும். கட்டைவிரல் நிஜக் கட்டைவிரல் போலவே சுற்றி வந்து நாலு விரல் நுனியையும் தொடும். செலவு முப்பத்தெட்டாயிரம். வெளிநாட்டுக் கைகள் லட்சக்கணக்கில் போகின்றன, அதோடு பார்த்தால் இதுவும் மலிவுதான். யுவராஜுடையதோடு பார்க்காதீர்கள்.

இரண்டையும் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர் பூந்தமல்லி மெஹர் அக்கா. எண்ணைக் கொடுத்ததும் யுவராஜ்தான். "எது சரியா இருக்கோ அவங்க எடுத்துக்கட்டும். போட்டின்னு நெனைக்காத மச்சான்" என்றான். ஜெயிக்கிறவன்தான் இப்படிப் பேசுவான்.

அக்கா முன்பு ஒரு பிரஸ் மெஷின் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு கை மணிக்கட்டோடு போய்விட்டது. இப்போது கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறார். மருதாணிக் கோனைப் பிடித்து வரைய ஒரு கை இருக்கிறது. மணப்பெண்ணின் கையைப் பிடிக்க, திருப்ப, விரல்களை விரித்து வைக்கத்தான் இன்னொரு கை வேண்டும். இத்தனை நாள் தங்கை கூட வந்து பிடித்துக்கொண்டாள். தங்கைக்குக் கல்யாணமாகி வேலூர் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்த அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு குமணன்சாவடியில் ஒரு மணப்பெண். அந்தக் குடும்பத்தில் வரிசையாக இன்னும் மூன்று கல்யாணம். அன்று அக்கா தனியாகச் சமாளித்தால் நாலும் அவருக்கு. சமாளிக்காவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று பெண்ணின் அம்மா சொல்லியே விட்டாராம்.

கையின் அளவுகளைப் போனிலேயே வாங்கினேன். பேசியது அவர் கணவர் சாதிக் பாய், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எந்தக் கைக்கு பாய்?"

"சோத்தாங்கை நல்லா கீதுப்பா. அந்தாண்ட கைக்குதான் வோணும்."

சோற்றுக்கை என்றால் வலது கை. தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும். சரிபார்க்க ஒரு படமும் அனுப்பச் சொன்னேன். அக்கா தானே எடுத்து அனுப்பினார். படத்திலும் இடது கைதான் இல்லை. இடது கை ஒன்றைச் செய்து முடித்தேன்.

இனி வழி. கோவையிலிருந்து வரும் உங்கள் ரயில் பெரம்பூரில் நிற்குமானால் அங்கேயே இறங்கிவிடுங்கள். சென்ட்ரல் வரை போய்த் திரும்புவது வீண். பெரம்பூரிலிருந்து ஆவடி பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் பட்டரவாக்கம் ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போக அம்பத்தூரில் இறங்குவது புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. பேட்டைக்குக் கிட்டத்தில் இருப்பது பட்டரவாக்கம் ஸ்டேஷன். அங்கிருந்து நடக்கலாம், ஷேர் ஆட்டோவும் உண்டு.

நான் தொழிற்பேட்டைக்குப் போனதற்குக் காரணம் ரயிலில் ஒருவர் என் பைமேல் தன் சூட்கேஸை இறக்கியது. கட்டைவிரல் மூட்டில் அச்சாக இருக்கும் 'பின்' வளைந்துவிட்டது. முதலில் திறந்திருந்த லேத் பட்டறைக்குள் நுழைந்து பையைத் திறந்தேன். ஐந்து விரல்களும் வெளியே எட்டிப் பார்த்தன. லேத்தில் இருந்த அண்ணன் ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னா நைனா இது, காலங்காத்தால கைய வெட்டி எடுத்துகினு வந்துகீறே?"

"செயற்கைக் கைண்ணே. இந்தப் பின் மட்டும் புதுசா வேணும். மூணு எம்எம், ஸ்டெயின்லெஸ்."

"ஓ, ஆவடில யுவா தம்பி செய்யுதே, அதா?"

"அது இல்ல. இது வேற."

"அது சோக்கா கீதுப்பா. எங்க ஓனர் போன்ல காட்டுனாரு. இது இன்னா, கரண்ட்டு கையா? கைகுடுத்தா ஷாக் அடிக்குமா?"

பக்கத்து மெஷின்காரர் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. புதுப் பின் அருமையாக வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அறுபது ரூபாய், இருபது நிமிஷம். ஆனால் முந்நூறு மைல் தள்ளி வந்து முதலில் கேட்ட பெயர் அவன் பெயர்.

பட்டரவாக்கத்திலிருந்து ஆவடி நாலாவது நிறுத்தம். ஸ்டேஷன் வாசலில் யுவராஜ் ஸ்கூட்டரோடு நின்றான். கொஞ்சம் குண்டாகியிருந்தான். அதில் எனக்குச் சின்னத் திருப்தி. அவன் அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, வீடு குவார்ட்டர்ஸில். திருநெல்வேலிக்காரரான அவன் அம்மா சுட்ட தோசை, எள்ளுப்பொடி. பால்கனியில் துணி காயும் கயிற்றுக்குக் கீழே அவனுடைய பட்டறை. ஒரு பழைய தையல் மெஷின் மேஜை, பிளாஸ்டிக்கில் பொருள் அச்சடிக்கும் ஒரு 3டி பிரிண்டர், ஒரு டப்பா நிறையத் தூண்டில் நரம்பு. அவ்வளவுதான். என் மாடியில் இதைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன.

கையை எடுத்துக் கொடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரிண்ட் சுமார்தான், விரல் ஓரங்களில் பிசிறு. குறை சொல்ல வாயைத் திறந்தபடியே நரம்பை இழுத்தேன். ஒரு தக்காளியை உள்ளங்கையில் வைத்தான். நாலு விரலும் ஒன்றாக வரவில்லை. முதலில் தொட்ட விரல் நின்றது, மற்றவை தொடர்ந்து வந்து, தக்காளியின் வளைவுக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. உள்ளே தராசுக் கட்டை மாதிரி ஒரு துண்டு. ஒரு விரல் தடுக்கி நின்றால் மிச்ச இழுப்பு அடுத்த விரலுக்குப் போய்விடும். இதைச் செய்ய என் கையில் ஐந்து சென்சாரும் நானூறு வரி நிரலும் இருக்கின்றன. அவன் ஒரு பிளாஸ்டிக் துண்டில் முடித்திருக்கிறான். வயிற்றில் எள்ளுப்பொடி எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு என் கையை மேஜையில் வைத்து இயக்கிக் காட்டினேன். கட்டைவிரல் சுற்றி வந்து சுண்டுவிரலைத் தொட்டது. யுவராஜ் மேஜைக்குக் குனிந்து இன்னொரு முறை செய்யச் சொன்னான்.

"இந்தக் கட்டைவிரலுக்காவே உன்னக் கொல்லலாம்டா" என்றான்.

அன்றைய நாளின் நல்ல நிமிஷம் அது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி பத்து கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு, நாங்கள் ஸ்கூட்டரில் போனோம். பருத்திப்பட்டு ஏரி தாண்டி சென்னீர்குப்பம் வரை நன்றாகப் போகலாம். அதற்குமேல் கரையான்சாவடி நெரிசல். மெட்ரோ தூண்களின் நிழலில் லாரிகள் நகராமல் நின்றன. பத்து கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிஷம். நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தேன். சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர், "அண்ணாத்தே, ஸ்பேர் கை ரெண்டு வச்சிகினு போறியா?" என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பின் சந்தில் முதல் மாடியில் மெஹர் அக்காவின் வீடு. போனபோது மணி ஒன்றரை. ரோஸ்மில்க் வந்தது. அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கலாம், வேகமாகப் பேசுகிறவர். "யார் கை முதல்ல?" என்றார். நான் முந்திக்கொண்டேன். கையை எடுத்து, பேட்டரியை மாட்டி, விரல்களை ஒருமுறை மூடித் திறந்து காட்டினேன். அக்காவின் கண் விரிந்தது. "மாஷா அல்லாஹ்" என்று கையை நீட்டினார்.

வலது கையை.

என் கையில் இருந்தது இடது கை. யுவராஜ் அதையும் இதையும் பார்த்துவிட்டு, "மச்சான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். நான் சாதிக் பாய் பக்கம் திரும்பினேன்.

"பாய், நீங்க என்ன சொன்னீங்க? சோத்தாங்கை நல்லா இருக்குன்னுதானே?"

"ஆமா. நல்லாத்தான கீது." அக்காவின் இடது கையைக் காட்டினார்.

"சோத்தாங்கைன்னா வலது கை பாய்!"

"இன்னாப்பா பேசுறே? இவ இந்தக் கையாலதான சோறு துன்றா! அப்ப இது சோத்தாங்கை இல்லாம இன்னா?"

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாலு வருஷமா எங்க ஊட்ல இதுக்குப் பேரே சோத்தாங்கை தம்பி. நீங்க கொண்டாந்ததையும் மாட்டினா எனக்கு ரெண்டும் நொட்டாங்கை ஆயிடும்."

படம்? முன்பக்கக் கேமராவில் தானே எடுத்த படம். அது கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். கல்லூரியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காலையில் ஆவடியில் இரண்டு கைகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தபோதும் நாங்கள் இருவரும் விரலைத்தான் பார்த்தோம், பக்கத்தைப் பார்க்கவில்லை. யுவராஜுக்கு இந்தத் தவறு நடக்கவில்லை. காரணம் அவன் மேதை என்பதல்ல, பத்து கிலோமீட்டரில் இருக்கிறான், நாலு தடவை நேரில் வந்து போயிருக்கிறான். இதை நான் அப்போது மனதுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன். கட்டைவிரல் தப்பான பக்கத்தில் இருக்கும் கையை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. பையில் வைத்து மூடினேன்.

யுவராஜின் கையை அக்கா மாட்டினார். பொருந்தியது.

"பிடிச்சுப் பாக்க ஒரு பொண்ணு வேணுமே" என்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, நீங்க கை நீட்டுங்க" என்றார்.

நீட்டினேன். பிளாஸ்டிக் விரல்கள் என் விரல்களின் கீழே வந்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்து, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பின. வேண்டுமென்றே கையை உதறினேன். பிடி கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி சேர்ந்துகொண்டது. உங்கள் போட்டியாளன் செய்த கை உங்கள் கையைப் பிடித்திருக்கும்போது அது மென்மையாக இருப்பதைவிடக் கொடுமை இல்லை. அக்கா கோனை எடுத்து மணிக்கட்டிலிருந்து ஒரு கொடி தொடங்கினார். சாதிக் பாய், "மாப்ளை கை மாதிரி கீது" என்றார்.

கொடி விரல்களுக்கு ஏறியது. விரல் நுனியில் புள்ளிகள் வைக்க அக்கா முன்னால் குனிந்தார். என் விரல்கள் நசுங்கின. அவர் நிமிர்ந்ததும் பிடி தளர்ந்தது. மறுபடி குனிந்தார், மறுபடி நசுங்கியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தோள் வார். குனிந்தால் தோள் முன்னால் போகிறது, தோள் போனால் நரம்பு இழுபடும், நரம்பு இழுபட்டால் விரல் இறுகும். தக்காளியைப் பிடிப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. குனிந்து வரைபவருக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் பிரச்சினை. சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்னொரு முறை நசுங்கியபோது என் கை துள்ளி, இலை ஒன்று கோணலாக இழுபட்டது.

"வலிக்குதா தம்பி?"

"வலிக்குது."

யுவராஜின் முகம் போன போக்கைப் பார்த்தேன். வாரைத் தளர்த்தினான், விரல்கள் மூடவே இல்லை. மறுபடி இறுக்கினான், மறுபடி நசுக்கியது. கடிகாரத்தில் இரண்டே கால்.

"நிக்காஹ் பொண்ணு கைய நசுக்குனா அவங்கம்மா என்னை நசுக்கிடும்" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கோனின் நுனியில் குண்டூசியைக் குத்தி மூடினார். "பக்கத்து ஊட்டுப் பொண்ணைக் கூப்ட்டுப் பாக்கலாமா?" என்றார் பாய். "போன தடவை அவ பிடிச்சு, நான் வரைஞ்ச மயிலுக்குக் கழுத்தே உடைஞ்சு போச்சு. வாணாம்."

இந்தப் பிரச்சினைக்கான விடை என் பையில் இருந்தது. என் கையில் ஒரு பூட்டு உண்டு. மோட்டாரிலிருந்து விரலுக்குப் போகும் நரம்பைக் கவ்விக்கொள்ளும் ஒரு சின்ன நெம்பு, நகம் அளவு. அழுத்தினால் விரல்கள் அந்த நிலையிலேயே நிற்கும், அந்தப் பக்கம் என்ன இழுத்தாலும் இந்தப் பக்கம் வராது. மோட்டார் ஓடாமலே பிடித்திருக்கட்டும், பேட்டரி மிச்சமாகட்டும் என்று செய்தது. அதன் பல் வடிவத்துக்கு மட்டும் ஒரு வருஷம் போனது.

சும்மா இருந்திருக்கலாம். என் கை தோற்றது, அவன் கையும் தோற்றது, கணக்கு சமன். ரோஸ்மில்க்கின் மிச்சத்தைக் குடித்தபடி அதைத்தான் யோசித்தேன். அக்கா ஈரத்துணியால் என் உள்ளங்கைக் கொடியைத் துடைக்க வந்தார். யுவராஜ் நரம்பையே முறைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஒரே மேஜையில் நாலு வருஷம் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வாரத்தில் இவனே ஒரு பூட்டைக் கண்டுபிடிப்பான். அப்புறம் அது இவன் பூட்டு. இவன் வீடியோ.

"அக்கா, துடைக்காதீங்க. பாய், ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

என் கையைப் பிரித்துப் பூட்டை எடுத்தேன். யுவராஜ் செய்த கையின் முன்கை ஓட்டில் துளை போட பாய் அடுப்பில் கம்பியைக் காய்ச்சிக் கொண்டுவந்தார். யுவராஜ் பிடிக்க, நான் மாட்டினேன். அவன் பூட்டைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன், எனக்கு அது பிடித்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன். "திண்டுக்கல் பூட்டுக்காரன் உன் மேல கேஸ் போடப் போறான்டா" என்றான்.

அக்கா அதை மாட்டிக்கொண்டு என் விரல்களைப் பிடித்தார். இடது கை முட்டியால் நெம்பைத் தட்டினார். டிக். குனிந்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் குனிந்தார், மூக்கு என் விரலைத் தொடும் அளவு. பிடி அப்படியே இருந்தது. "அட!" என்றார். கோனிலிருந்து குண்டூசியை உருவிவிட்டு, கோணிய இலையை ஒரு கிளியாக மாற்றி, ஐந்து விரல் நுனிக்கும் புள்ளி வைத்து முடித்தார்.

மூன்றே முக்காலுக்கு பாயின் லோடு ஆட்டோவில் இருவரும் கிளம்பினார்கள். நானும் யுவராஜும் குமணன்சாவடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். என் வலது கையில் மருதாணி ஈரமாக இருந்ததால் இடது கையால் டீ குடித்தேன்.  ஆறே காலுக்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்குவதற்கு முன்பே கத்தினார்: "நாலும் எனக்குதான்! அட்வான்ஸும் குடுத்துட்டாங்க!"

பெண் வீட்டில் எல்லோரும் கையைத்தான் பார்த்தார்களாம். பெண்ணின் அம்மா தன் கையையும் நீட்டிப் பிடிக்கச் சொன்னாராம். யார் செய்தது என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யுவா தம்பி செஞ்சதுன்னு சொன்னேன். பூட்டு மட்டும் கோயம்புத்தூர் தம்பின்னேன்."

இனி போகிறவர்களுக்கு. பெரம்பூர் தொடங்கி பூந்தமல்லி வரை பேருந்திலும் ரயிலிலும் போனால் போக்குவரத்துக்கு நூறு ரூபாய் தாராளம். பட்டறை வேலை இருந்தால் காலையிலேயே பட்டரவாக்கத்தை முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் பெரிய ஆர்டர்காரர்கள் வந்துவிடுவார்கள். கரையான்சாவடிக்கு மாலை ஐந்துக்குமேல் போகாதீர்கள். நேரில் போகாமல் அளவு எடுக்காதீர்கள். எடுத்தே தீரவேண்டும் என்றால் பின்பக்கக் கேமராவில், வேறு ஒருவர் எடுத்த படம் கேளுங்கள். பின்னால் ஒரு காலண்டர் தெரியட்டும். எழுத்து திரும்பியிருந்தால் கையும் திரும்பியிருக்கிறது. சோற்றுக்கை என்ற சொல்லை எங்கேயும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. இயற்கையான அசைவு என்றால் எத்தனை மூட்டு, எத்தனை கோணம் என்றே நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உடம்பு குனியும்போது கை தன் பிடியை மாற்றாமல் இருப்பதும் அந்த அசைவில் சேர்த்தி. அதைச் சோதிக்க ஒரு பரிசோதனை என் பட்டியலில் இருந்ததில்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டின் வரைபடத்தைக் கேட்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறேன். அச்சடித்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், எந்தக் கையில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், யுவராஜின் கையிலும்கூட. ஒரே நிபந்தனை: யார் செய்தது என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும். 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்க்காமல்.